புகைபோக்கியும் டீசல் காரும்

விறகடுப்பின் புகைபோக்கியில் நாள்தோறும் கரி படிவதைப் பார்த்திருப்பீர்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் அமலுக்கு வந்தபின் விற்பனையாகும் டீசல் கார்களின் புகைக்குழாயிலும், அத்தகைய கரியைத் தடுத்து நிறுத்தி, சேர்ந்ததைத் தானே எரித்துச் சுத்தி செய்துகொள்ளும் விசித்திரமான வடிகட்டி ஒன்று உண்டு. ஆனால் அதற்கு உஷ்ணம் வேண்டும். அண்ணா சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று, எஞ்சின் சூடேறுவதற்குள் அலுவலகம் சேர்ந்துவிடும் வாகனத்துக்கு அந்த உஷ்ணம் எங்கிருந்து வரும்?

ஆகையால், வாரம் ஒருமுறையேனும் புறவழிச்சாலையில் அரைமணி நேரம், நிற்காமல், சீரான வேகத்தில் ஓட்டி வாருங்கள். நிறுத்திவைத்து உறுமவிடுவதால் பிரயோஜனமில்லை. கரி எரியும் சமயத்தில் அடிக்கடி எஞ்சினை அணைத்தாலோ, பல வண்டிகளில் எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்துவிடும். வடிகட்டியின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அன்றே அப்படியொரு ஓட்டத்துக்குப் புறப்படுங்கள். திருப்போரூர் வரை போய்வந்தால் முருகனைத் தரிசித்தது போலவும் ஆயிற்று.