இடாப்பில் ஒரு பெயர்



தேர்தல் என்றவுடன் மேடைப் பேச்சும் சுவரொட்டியும் ஊர்வலமுமே பலருக்கும் நினைவுக்கு வரும். அவற்றைப் பற்றிப் பேசுவோர் நிறைய உளர். ஆதலால் நான் இன்று அவ்வளவு ஆரவாரமில்லாத ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். அதுதான் வாக்காளர் இடாப்பு. சிற்றூரொன்றின் வாக்குரிமை முழுவதும் அந்த இடாப்பிலேயே தங்கியிருக்கிறது. மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், வில்பத்துக் காட்டின் விளிம்பிலுள்ள மறிச்சுக்கட்டியைப் போல இதனை உணர்ந்த ஊர்கள் சிலவே.

மறிச்சுக்கட்டியின் பெயர் ஒரு காலத்தில் உலகச் சந்தைகளில் அடிபட்டது. 1905, 1906ஆம் ஆண்டுகளில் முத்துக்குளிப்பு நடந்தபோது பல்லாயிரம் மக்கள் இக்கரையிலே கூடினார்கள். கீழக்கரையிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் வந்தவர்கள் ஓலைக் கொட்டில்களாலான நகரமொன்றையே எழுப்பினார்கள். பருவம் முடிந்ததும் கலைந்து சென்றார்கள். அன்று அக்கரையில் யாருக்கும் வாக்கு இல்லை. 1931ஆம் ஆண்டிலேதான் டொனமூர்த் திட்டத்தின் கீழ் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் இலங்கையில் வாக்குரிமை கிடைத்தது. எழுத்தறியாத கிராமவாசிக்காக அன்று ஓர் எளிய வழி வகுத்திருந்தார்கள். அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம், அந்த நிறத்தில் ஒரு பெட்டி. திரைக்குப் பின்னால் சென்று வேண்டிய நிறப் பெட்டியில் சீட்டை இட்டுவிட்டு வரலாம். சின்னங்கள் பின்னர் வந்தவை. வாக்களிக்கும் வயது பதினெட்டாகக் குறைந்தது 1959இல்.

இன்று இடாப்புத் தயாராகும் முறையைச் சொல்லுகிறேன். ஆண்டுதோறும் கிராம உத்தியோகத்தர் வீட்டுக்கு வீடு படிவம் கொடுப்பார். வீட்டுத் தலைவர் தம் இல்லத்தில் வதியும் தகுதியுடையோரின் பெயர்களை எழுதிக் கையொப்பமிடுவார். பின்னர்ப் பெயர்ப் பட்டியலைப் பார்வைக்கு வைப்பார்கள். விடுபட்டவர் கேட்கலாம், தகாதவர் பெயரை ஆட்சேபிக்கலாம். கொழும்பு போன்ற நகரில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று அயலவர் பார்ப்பதில்லை. கிராமத்திலோ இறந்தவர் பெயர் ஓராண்டு கூடுதலாக இருந்தாலும் கடைத்திண்ணையிலே பேச்சாகிவிடும். வாக்கெடுப்பு நாளன்று அலுவலர் தொடரிலக்கத்தையும் பெயரையும் உரத்து வாசிப்பதும் இதற்காகவே. அருகில் அமர்ந்திருக்கும் முகவர் பெரும்பாலும் வாக்காளரின் மைத்துனராகவோ, பள்ளித் தோழராகவோ இருப்பார். ஆள்மாறாட்டம் செய்ய வருபவர் அந்தக் கண்களைக் கடக்க வேண்டும். விரலில் பூசும் மை அதற்கு அடுத்த காவல்தான்.

ஆனால் ஊர் சிறிதாக இருப்பதில் ஒரு சங்கடமும் உண்டு. 2018ஆம் ஆண்டு பெப்ரவரியில் நடந்த உள்ளூராட்சித் தேர்தல் வட்டார முறையும் விகிதாசார முறையும் கலந்தது. உறுப்பினருள் நூற்றுக்கு 60 பேர் வட்டாரத்துக்கு, 40 பேர் பட்டியலுக்கு. அத்தேர்தலில் சீட்டுகளை வட்டாரத்திலேயே எண்ணினார்கள். மாவட்ட நிலையத்தில் ஆயிரக்கணக்கான சீட்டுகளோடு கலந்து மறைந்த ஒரு கிராமத்தின் மனம் இப்போது தனித்துத் தெரிகிறது. யார் எவருக்குப் போட்டார் என்பது எண்ணிக்கையிலிருந்து தெரியாதுதான். என்றாலும் ஒரு குடும்பத்தவரை மற்றொரு குடும்பத்தவர் ஐயத்தோடு நோக்க அந்த எண்ணிக்கை போதும். முடிவு விரைவில் கிடைக்கிறது என்ற நன்மையைவிட இரகசியம் மெலிகிறது என்ற தீமையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இனி மறிச்சுக்கட்டிக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர் தம் ஊர்களை இழந்தார்கள். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி, சிலாவத்துறை ஆகிய ஊர்களின் மக்களும் அவர்களுள் அடங்குவர். பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தனர். சட்டமோ, சாதாரணமாக எங்கே வதிகிறாரோ அங்கேதான் ஒருவர் பதியலாம் என்று கூறுகிறது. வதியும் ஊரில் பதிந்தால் பிறந்த ஊர்மீதுள்ள உரிமை தளர்ந்துபோகுமோ என்ற அச்சம். பிறந்த ஊரில் பதிந்தால் பிள்ளை படிக்கும் பள்ளியைப் பற்றியும் குடிக்கும் நீரைப் பற்றியும் வதியும் ஊரில் கேட்க வாய் இல்லை. புத்தளத்திலேயே இவர்களுக்கெனக் கொத்தணி வாக்களிப்பு நிலையங்களை அமைத்து, வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு வாக்களிக்கச் செய்தது ஓரளவு நிவாரணந்தான்.

2009இல் போர் முடிந்தது. திரும்பிச் சென்றவர்களை எதிர்கொண்டது காடு. ஏறத்தாழ இருபதாண்டு ஆளில்லாத நிலத்தில் மரம் முளைக்காமல் இராது. 2012 ஒக்டோபரில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதி ஒதுக்கக் காடென வர்த்தமானியில் வெளிவந்தது. 2017 மார்ச்சில் மாவில்லு வனப் பாதுகாப்புப் பிரகடனம் தொடர்ந்தது. எதுவரை காடு, எதுவரை ஊர் என்ற வழக்கை இங்கே நான் தீர்க்கப் போவதில்லை. வீடு கட்ட நிலம் உறுதியாகாதவரை வதிவிடம் உறுதியாகாது. வதிவிடம் உறுதியாகாதவரை இடாப்பில் பெயரும் ஆட்டங்காணும். அந்தத் தொடர்பையே கவனிக்கச் சொல்கிறேன். போரால் வதிவிடத் தகுதியை நிறைவு செய்ய இயலாதவர் பழைய ஊரிலே பதிவதற்கு 2017ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் சிறப்பு ஏற்பாடு செய்தது.

பெயர் இருந்தாலும் வாக்குச் சாவடிக்குப் போய்ச் சேரவேண்டுமல்லவா? 2019 நவம்பர் 16ஆந் திகதி சனாதிபதித் தேர்தலுக்காகப் புத்தளத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட பஸ் வண்டிகள் மன்னாரை நோக்கி இரவோடிரவாகப் புறப்பட்டன. தந்திரிமலையருகே வீதியில் டயர்களை எரித்துத் தடுத்து, கல்லெறிந்து, துப்பாக்கியாலும் சுட்டார்கள். நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. அச்சத்தோடு இருந்த அந்தத் தாய்மாரும் முதியோரும் தொடர்ந்து சென்று வாக்களித்தார்கள். அவர்களை அத்தனை தூரம் அலைக்காமல், வதியுமிடத்திலேயே வாக்களிக்க வைப்பதுதான் நியாயம் என்பேன்.

பாராளுமன்றத்துக்கு இது பொருந்தும். முசலிப் பிரதேச சபைக்கும் பொருந்துமா? திரும்பி வந்து குடியிருப்பவர் கேட்பதில் பொருளுண்டு: எங்கள் ஊர் வீதியையும் விளக்கையும் புத்தளத்தில் இருப்பவர் தீர்மானிக்கலாமா? நிலத்தைத் தாருங்கள், நாளையே வருகிறோம் என்பது மற்றவர் மறுமொழி. இருவரும் ஒரே ஊரார், பெரும்பாலும் ஒரே குடும்பத்தார். நில வழக்குத் தீருமுன் இடாப்பிலிருந்து பெயரை வெட்டினால், 1990இல் ஆயுதத்தால் நடந்ததைப் பேனாவால் முடித்து வைத்ததாகவே ஆகும் என்று நான் கருதுகிறேன். அதுவரைக்கும் முசலியில் நிற்கின்ற வேட்பாளர் புத்தளத்துக்கும் வாக்குக் கேட்டுப் போகத்தான் வேண்டும். அங்கே அவரிடம் வீதியையோ விளக்கையோ பற்றிக் கேட்கமாட்டார்கள். காணி எப்போது என்றுதான் கேட்பார்கள்.