தோள்வலி யாருக்காக?



மாலைதோறும் நம் இளைஞர்கள் உடற்பயிற்சிக் கூடம் நாடிச் செல்வது கண்டு மகிழ்கிறேன். கருவிகள் இல்லையே என ஏங்குவோர் வங்கத்து மனோகர் ஐச்சை எண்ணிப் பாருங்கள். உயரம் 4 அடி 11 அங்குலமே. விமானப்படையில் வெள்ளை அதிகாரியை அறைந்ததற்காகச் சிறை புகுந்தார். அங்கே கருவியின்றித் தம் உடலையே பளுவாகக் கொண்டு பயின்றார். விடுதலையான பின் இளநீர் விற்றும் பிழைத்தார். 1952-இல் இலண்டனில் தம் பிரிவில் 'மிஸ்டர் யுனிவர்ஸ்' பட்டம் வென்றார்.

பளுவைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். பருப்பும் முட்டையும் நல்லுறக்கமும் தசையை வளர்க்கும். ஊக்கமருந்து ஊசி வேண்டா. அது இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும்.

நம் முன்னோரின் தோள்வலி தலைமுறை தலைமுறையாகப் பிறர் வயலிலும் பிறர் மூட்டையிலும் செலவாயிற்று. கூடத்தில் தூக்கும் பளுவையோ உங்களுக்காகத் தூக்குகிறீர்கள். அவ்வலிமையைத் தேர்தல் நாளில் அடியாள் வேலைக்கு விலைபேச வருவோர் உண்டு. பணம் கொடுத்தவர் வீட்டில் உறங்குவார். வழக்கு மன்றத்தில் நிற்பவர் நம் பிள்ளையாக இருப்பார். முடியாது என மறுக்கும் துணிவைக் கல்வி தரும். ஆகவே, கூடத்திலிருந்து நேரே வீடு செல்லாதீர். நம் சங்கத்தின் படிப்பகத்திற்கும் வாருங்கள்.