கிணற்று நீரும் கமக்காரர் உயிரும்

(திருகோணமலை நகரில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



வாந்திபேதி வந்தால் ஊர் முழுவதும் அறியும். ஆனால், ஓசையின்றி உட்புகுந்து, ஆண்டுக்கணக்கில் உடலை அரித்து, இறுதியிலேயே முகங்காட்டும் நோய்களும் உள. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

1990களில் வடமத்திய மாகாண வைத்தியசாலைகளில் ஒரு புதுமை புலப்பட்டது. சிறுநீரகம் பழுதடைந்து வந்தோரிற் பலர் கமக்காரர். அவர்களுக்கு நீரிழிவுமில்லை, நெடுநாளைய இரத்த அழுத்தமுமில்லை. காரணம் துணியப்படாத இந்நோய் நம் மாவட்டத்துப் பதவி சிறிபுரவிலும் காணப்படுகிறது. நோய்க்கு மொழி ஏது? இனம் ஏது? அங்கு வாடும் சிங்களக் கமக்காரரும் நம் சகோதரரே. அவர்களுக்கு நேர்ந்தது நாளை தம்பலகாமத்திலோ மூதூரிலோ நேராதென்று யார் உறுதி கூறவல்லார்?

பதவி சிறிபுரவில் நடத்தப்பெற்று 2015இல் வெளியான ஆய்வொன்று, கிணற்று நீர் குடித்தோரிடத்தும் கிளைபோசேட் களைகொல்லி தெளித்தோரிடத்தும் இந்நோய் மிகுந்திருக்கக் கண்டது. ஆயினும், சேர்ந்து காணப்படுவதெல்லாம் காரணமாகிவிடாது. நீரின் கடினமும் புளோரைட்டும் ஐயுறப்படுகின்றன. கொளுத்தும் வெயிலில் நீரருந்தாது உழைப்பதும் ஐயுறப்படுகின்றது. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டத் தொழிலாளரும் இத்தகைய நோயால் மடிகின்றனரன்றோ! அக்களைகொல்லியை அரசாங்கம் 2015இல் தடைசெய்தது. 2022இல் தடையை நீக்கியது. சட்டம் இவ்வாறு முன்னும் பின்னும் ஆட, கமக்காரரின் சிறுநீரகம் காத்திருக்குமா?

"காரணம் தெரியட்டும், பிறகு பார்ப்போம்" என்பாருக்கு ஒன்று சொல்வேன். 1854இல் இலண்டனில் வாந்திபேதி மூண்டபோது, ஜோன் ஸ்னோ என்னும் வைத்தியர் மாண்டோர் வீடுகளைக் கணக்கெடுத்தார். பிராட் தெருவின் நீர்க்குழாயொன்றைச் சுற்றியே சாவு மலிந்திருந்தது. அவர் சொற்கேட்டுக் குழாயின் கைபிடியைக் கழற்றினர். அந்நோயின் கிருமியை ரொபேட் கொக் உலகுக்கு நிலைநாட்டியதோ 1880களில்! கிருமி தெரியும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

நாமும் காத்திருத்தலாகாது. குடிநீர்க் கிணறுகள் யாவும் பரிசோதிக்கப்படல் வேண்டும். பழுதுடைய இடங்களுக்குத் தூய நீர் வழங்கப்படல் வேண்டும். ஆண்டுதோறும் கமக்காரரின் இரத்தமும் சிறுநீரும் சோதிக்கப்பட்டு, முடிவு அவரவர் மொழியிலேயே தரப்படல் வேண்டும். இவை சலுகைகளல்ல, உரிமைகள்.

நம் கடமையும் உண்டு. வயலுக்குச் செல்வோர் நல்ல நீர் கொண்டு செல்க. உச்சி வெயிலில் நிழலில் ஒதுங்குக. உடலை மூடாது மருந்து தெளிக்கற்க. உடல்நோவுக்குக் கடை மாத்திரையைத் தாமாக வாங்கி நாள்தோறும் விழுங்கற்க. நகரத்து உத்தியோகத்தரே, உமது சிறுநீரகத்துக்கு எமனாவன நீரிழிவும் இரத்த அழுத்தமும். அவற்றின் காரணத்தையேனும் நாம் நன்கறிவோம். அறிந்தும் வாளாவிருத்தல் தகுமோ?

நோய் முகங்காட்டும்வரை காத்திருப்பவனுக்கு வைத்தியன் செய்யக்கூடியது சிறிது. இன்றே சோதிப்போம், இன்றே கேட்போம்.