மாணவர் அம்பேத்கரின் ஆராய்ச்சியும் நமது இளைஞர் கடமையும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

அண்ணல் அம்பேத்கரை நாம் அரசியல் சட்டம் வகுத்த மேதையாக அறிவோம். மகாத் குளத்து நீரை அள்ளிப் பருகிய போராளியாக அறிவோம். புத்தரின் நெறியை ஏற்ற பெருந்தகையாக அறிவோம். ஆனால் இருபத்திரண்டு வயதில் நூலகத்தில் அமர்ந்து, அரசாங்கத்தின் வரவு செலவு ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டிய மாணவரை நாம் அவ்வளவாக அறியோம். இன்று அந்த மாணவரைப் பற்றியே பேச விழைகின்றோம். பின்னாளில் எழுந்த மாளிகைக்கு அடித்தளம் அங்கேதான் இடப்பட்டது.

பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையைக் கொண்டு, 1913-ஆம் ஆண்டில் அவர் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பொருளாதாரத்தை முதன்மைப் பாடமாகக் கொண்டு, சமூகவியல், வரலாறு, தத்துவம், மானிடவியல் ஆகியவற்றையும் கற்றார். செலிக்மன், டூயி போன்ற பேரறிஞர்கள் அவருக்கு ஆசிரியர்களாக வாய்த்தனர். நாட்டு ஆட்சியை மக்களின் வாழ்விலிருந்து பிரித்துப் பார்க்கலாகாது என்னும் தெளிவு அவருக்கு அங்கே வலுப்பெற்றது.

1915-இல் முதுகலைப் பட்டத்திற்கென அவர் எழுதிய ஆய்வேடு கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தையும் நிதியையும் பற்றியது. நிலவரி எவ்வளவு, உப்பு வரி எவ்வளவு, தண்டிய வரியில் மக்கள் நலனுக்குச் சென்றது எவ்வளவு என்று கணக்கிட்டார். 1858-இல் கம்பெனி ஆட்சி முடிவுற்றபோது, அதன் கடன் சுமை இந்திய வருவாயின் மீதே ஏற்றப்பட்டதையும் எடுத்துக் காட்டினார்.

1916-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள், மானிடவியல் பேராசிரியர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் பற்றிய கட்டுரையைப் படித்தார். சாதியால் இழிவுபடுத்தப்பட்ட ஒருவர் அச்சாதியைப் பற்றிப் பேசும்போது சினம் மட்டுமே வெளிப்படும் என்று பலர் எண்ணக்கூடும். அவரோ சாதி எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்தார். தன் குழுவுக்குள்ளேயே மணம் முடிக்கும் கட்டுப்பாடுதான் சாதியின் உயிர்நாடி என்றார். உடன்கட்டை ஏற்றுதலும், விதவைக்கு மறுமணம் மறுத்தலும், குழந்தை மணமும் அக்கட்டுப்பாட்டைக் காக்க எழுந்த வழிகள் என்று விளக்கினார். பெண்ணடிமையும் சாதியும் ஒரே கயிற்றின் இரு புரிகள் என்பதை அந்த இளம் வயதிலேயே கண்டுரைத்தார்.

முனைவர் பட்டத்திற்கு அவர் எடுத்துக் கொண்டது பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதி வளர்ந்த வரலாறு. பெயரைக் கேட்ட அளவிலேயே இளைஞர்கள் சோர்வடைய வேண்டா. அதன் பொருள் நமது வீட்டுக் கணக்கைப் போன்றதுதான். 1833-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் நிதி அதிகாரம் முழுவதும் மைய அரசிடம் குவிந்தது. செலவு செய்வது மாகாணம். பணத்திற்குப் பொறுப்பு மையம். சம்பாதிக்கும் கவலையில்லாத பிள்ளை கை நீட்டிக் கொண்டே இருப்பதைப் போல மாகாணங்கள் கேட்டுக் கொண்டே இருந்தன. 1871-இல் காவல், சிறை, கல்வி, மருத்துவம் முதலான துறைகள் ஒரு குறிப்பிட்ட தொகையோடு மாகாணங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. 1877-இல் சில வருவாய் இனங்கள் ஒதுக்கப்பட்டன. 1882-இல் வருவாயைப் பங்கிட்டுக் கொள்ளும் முறை வந்தது. இம்மூன்று படிகளையும் ஆதாரங்களோடு வகுத்துக் காட்டியவர் அவர். அத்தோடு நின்றாரில்லை. மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத அரசு, வரியைத் தண்டுமேயன்றிச் சமூகக் கொடுமைகளில் கை வைக்கத் துணியாது என்றும் அந்நூலில் சுட்டினார். 1925-இல் அந்நூல் பேராசிரியர் செலிக்மன் முன்னுரையுடன் வெளிவந்தது. 1927-இல் கொலம்பியா அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது.

இவை எளிதில் கைகூடியவை அல்ல. உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் லண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. ஒப்பந்தப்படி பரோடா அரசில் பணியேற்றார். அமெரிக்காவில் பட்டம் பெற்ற அப்பெருமகனுக்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. எனினும் அவர் ஆராய்ச்சியைக் கைவிட்டாரில்லை. பம்பாயில் பேராசிரியராகப் பணியாற்றிச் சேர்த்த பொருளோடும், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியோடும், நண்பரிடம் பெற்ற கடனோடும் 1920-இல் மீண்டும் லண்டன் சென்றார். ரூபாயின் சிக்கல் என்னும் ஆய்வேட்டை அளித்தார். அதன் கடுமை கருதி, திருத்தி எழுதித் தரும்படி தேர்வாளர்கள் கூறினர் என்றும், முடிவுகளை மாற்றாமலே அவர் திருத்தித் தந்தார் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். 1923-இல் டி.எஸ்ஸி. பட்டம் கிடைத்தது. நாணய மதிப்பு வீழ்ந்து விலைவாசி ஏறும்போது, கூலி அதே வேகத்தில் ஏறுவதில்லை. வணிகர் ஆதாயம் பெற, உழைப்பவர் இழக்கிறார் என்பது நாணயச் சிக்கலில் அவர் வற்புறுத்திய உண்மைகளுள் ஒன்று.

இந்த ஆய்வுகளை ஒருங்கே நோக்கினால் ஒரே கேள்வி ஊடுருவி நிற்பதைக் காணலாம். பணத்தை யார் தருகிறார், யார் செலவிடுகிறார், யாருக்குக் கணக்குச் சொல்கிறார், சுமை யார் தோளில் விழுகிறது? இக்கேள்வியைக் கேட்கக் கற்றவரே 1919-இல் சவுத்பரோ குழுவின் முன் வாக்குரிமைக்காகப் புள்ளி விவரங்களோடு வாதாடினார். 1925-இல் நாணய ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தார். 1924-இல் அவர் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை கல்வி பரப்புதலையும் மாணவர் விடுதிகளையும் தன் குறிக்கோள்களாகக் கொண்டது. நமது சங்கமும் அந்த மரத்தின் ஒரு கிளையே அன்றோ!

இனி நமது கடமைக்கு வருவோம். கால் நூற்றாண்டாக நமது சங்கம் பிள்ளைகளைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அனுப்பியது. ஆசிரியர்களும் பொறியாளர்களும் செவிலியர்களும் தோன்றியிருக்கின்றனர். பெருமைதான். ஆயினும் நம்மைப் பற்றிய ஆய்வேடுகளைப் பெரும்பாலும் பிறரே எழுதுகின்றனர். நாம் பதில் சொல்பவர்களாக நிற்கின்றோம். கேள்வி கேட்பவர் நம்மிடையே எழ வேண்டாவா?

பொருள் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891-இல் எழுதிய அறிக்கையின் வழியே, 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் வழங்க அரசாணை பிறந்தது. ஓர் அறிக்கை அத்துணை வலிமை உடையது. அந்தப் பஞ்சமி நிலம் ஒவ்வோர் ஊரிலும் இன்று யார் கையில் இருக்கிறது? மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் தனித்தொகுதித் தேர்தல் முறையாக நடைபெறாமல் தடுக்கப்பட்டு, 2006-இல்தான் நடைபெற்றது. சட்டம் இருந்தும் அது நடைமுறைக்கு வராமல் தடுத்தது எது? பட்டியல் இன மக்களுக்கென 1979 முதல் ஒதுக்கப்பட்டு வரும் துணைத்திட்ட நிதி நமது ஒன்றியத்தில் எந்தத் தெருவுக்கு வந்தது? விடுதி மாணவருக்கு ஒதுக்கப்படும் உணவுப்படி இன்றைய விலைக்குப் போதுமா? இவை ஒவ்வொன்றும் ஓர் ஆய்வேட்டுக்குத் தகுதியுடையவை. 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் ஆவணங்களைக் கேட்டுப் பெறும் வழியைத் திறந்திருக்கிறது.

“ஆராய்ச்சி சோறு போடுமா?” என்று பெற்றோர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான், மூத்த மகன் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும் வீடுகள் நம்முடையவை. அதனால்தான் அச்சுமையை ஒரு குடும்பத்தின் மீது மட்டும் வைக்காமல், சங்கம் பகிர்ந்து கொள்ள வேண்டும் என்கிறோம். பட்டியல் இன ஆய்வு மாணவர்க்கென அரசின் தேசிய உதவித்தொகை உண்டு. அது கைக்கு வரும் வரையிலான காலத்திலேதான் பிள்ளைகள் படிப்பை விடுகின்றனர். இவ்வெள்ளி விழா நினைவாக, ஆண்டுக்கு ஓர் ஆய்வு மாணவரையேனும், மாணவியையேனும் அக்காலத்தில் தாங்கி நிற்கும் நிதி ஒன்றைத் தொடங்குமாறு தலைவர் அவர்களை வேண்டுகின்றோம். தமிழில் தொகுதிகளாக வெளிவந்துள்ள அண்ணலின் நூல்கள் நமது படிப்பகத்தில் இடம்பெறல் வேண்டும்.

இளைஞர்களே, ஒன்றை மறவாதீர்கள். ஆராய்ச்சி என்பது மேடை முழக்கம் அன்று. நமக்குச் சாதகமான எண்ணை எழுதுவது போலவே, பாதகமான எண்ணையும் மறைக்காமல் எழுத வேண்டும். பிறர் ஏட்டைப் பார்த்து எழுதிப் பட்டம் பெறுவது நம்மை நாமே ஏமாற்றுவதாகும். கேட்டதை ஏட்டோடு ஒப்பிடுங்கள். ஏட்டில் உள்ளதை ஊரில் சென்று பாருங்கள். அப்படி எழுதப்பட்ட பத்துப் பக்கம், ஆயிரம் மனுக்கள் சாதிக்காததைச் சாதிக்கும்.

அடுத்த விழா மலரில் நமது பிள்ளைகளின் ஆய்வுக் கட்டுரைகள் இடம்பெறும் என்று நம்புகின்றோம்.