கையெழுத்துக்கு முன்னே கேட்க வேண்டியவை

(கொழும்பில் தொழில் புரியும் தோட்டத்துப் பிள்ளைகளும் அவர்களைப் பார்க்க வந்த பெற்றோரும் கொட்டாஞ்சேனையில் கூடியிருந்தபோது நாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தோட்டத்துப் பிள்ளைகள் முன்பெல்லாம் கொழும்புக்கு வந்தால் வெள்ளவத்தைக் கடைகளிலும் செட்டியார் தெருவிலும்தான் வேலை தேடுவார்கள். இன்றும் அப்படித்தான் வருகிறார்கள். ஆனால் நாலு காசு சேர்ந்ததும், "சொந்தமா ஒரு ஆட்டோ எடுத்தா என்ன?" என்ற எண்ணம் வருகிறது. நல்ல எண்ணம்தான். ஐம்பது வயதில் வேலையை விட்ட அம்மாவின் சேமலாபக் காசு முற்பணமாகப் போகிறது. மிச்சத்துக்கு லீசிங். மழையிலும் அட்டைக் கடியிலும் கொழுந்து பறித்துச் சேர்த்த காசு அது. காலி வீதியில் ஒரு நிமிட நேரத்தில் அது நொறுங்கிப் போகக்கூடாது. அதனால்தான் வாகனக் காப்புறுதியில் அடிக்கடி வருகிற சில சொற்களைப் பற்றி இன்று பேசலாம் என்று நினைத்தோம். பயப்பட ஒன்றுமில்லை. சம்பளச் சிட்டையில் உள்ள கழிவுகளை வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு இதுவும் விளங்கும்.

முதலாவது சொல், மூன்றாம் தரப்புக் காப்புறுதி. 'தேர்ட் பார்ட்டி' என்று சொல்வது இதைத்தான். முதலாம் தரப்பு நாம். இரண்டாம் தரப்பு காப்புறுதிக் கொம்பனி. நமது வண்டியால் அடிபட்ட வெளியாள்தான் மூன்றாம் தரப்பு. 1951ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டப்படி இது இல்லாமல் வண்டியை வீதியில் இறக்க முடியாது. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கவும் இந்தச் சான்றிதழைக் காட்ட வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். "இன்சூரன்ஸ் இருக்குதானே!" என்று சொல்வார்கள். இருக்கிறதுதான். ஆனால் அது யாருக்கு? ஒரு பிள்ளையின் ஆட்டோ ஆமர் வீதியில் சறுக்கி மதிலில் மோதியது என்று வைத்துக்கொள்வோம். கையில் மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும்தான் இருந்தால், அவனுடைய வண்டியைத் திருத்த ஒரு சதமும் வராது. சட்டம் அந்தக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது, நம்மால் இன்னொருவருக்கு உயிரிழப்போ காயமோ ஏற்பட்டால் அதற்கு ஈடு கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான். மற்றவரின் வாகனத்துக்கோ மதிலுக்கோ வந்த சேதத்துக்கு எவ்வளவு வரை கொடுப்பார்கள் என்பதைப் பொலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சொல், முழுக் காப்புறுதி. நமது வண்டிக்கு வரும் விபத்துச் சேதம், தீ, களவு ஆகியவற்றையும் இது சேர்த்துக்கொள்ளும். லீசிங் கொம்பனிகள் இதைத்தான் எடுக்கச் சொல்லும். லீசிங் முடியும் வரை வண்டியில் அவர்களுக்கும் உரிமை உண்டு. வண்டி முற்றாக அழிந்தால் காசு முதலில் அவர்களுக்குப் போகும். மிஞ்சினால்தான் நமக்கு. பெயரில் 'முழு' என்று இருப்பதால் எல்லாமே அடங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அடங்காதவை என்னென்ன என்று ஒரு பகுதி இருக்கும். அதைத்தான் முதலில் வாசிக்க வேண்டும்.

மூன்றாவது, காப்புறுதி செய்த பெறுமதி. கட்டணம் குறையட்டும் என்று வண்டியின் விலையைக் குறைத்து எழுதச் சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வண்டிகளின் விலை ஏறிவிட்டது. பொலிசியிலோ பழைய விலை அப்படியே இருந்தது. இதில் என்ன நட்டம்? ஒரு கணக்குப் பார்ப்போம். வண்டியின் சந்தை விலை 12 இலட்சம். நாம் எழுதியதோ 9 இலட்சம். அதாவது நாலில் மூன்று பங்கு. திருத்தச் செலவு 2 இலட்சம் வந்தால், பல பொலிசிகளின்படி அதிலும் நாலில் மூன்று பங்குதான் கிடைக்கும். ஒன்றரை இலட்சம் வரும். மீதி 50,000 ரூபா நமது தலையில். ஆகவே வருடா வருடம் பொலிசியைப் புதுப்பிக்கும்போது அன்றைய விலையை எழுதுங்கள்.

நாலாவது, 'எக்செஸ்'. ஒவ்வொரு விபத்திலும் நாம் முதலில் ஏற்க வேண்டிய தொகை இது. எக்செஸ் 5,000 ரூபா, செலவு 20,000 ரூபா என்றால் கொம்பனி தருவது 15,000 ரூபா. எக்செஸ் கூடினால் கட்டணம் குறையும். "உங்களுக்கு மலிவாப் போட்டுத் தாறேன் அண்ணே" என்று ஏஜென்ட் சொன்னால், "எக்செஸ் எவ்வளவு தம்பி?" என்று உடனே கேளுங்கள்.

ஐந்தாவது, 'நோ கிளெய்ம் போனஸ்'. கிளெய்ம் என்றால் நட்டஈட்டுக் கோரிக்கை. வருடம் முழுவதும் கோரிக்கை எதுவும் வைக்காவிட்டால் அடுத்த வருடக் கட்டணத்தில் தரும் கழிவுதான் இந்தப் போனஸ். இதைக் காசாகக் கையில் தரமாட்டார்கள். சின்னக் கீறலுக்குக் கிளெய்ம் போட்டு இந்தக் கழிவை இழப்பதா, கைக்காசில் திருத்துவதா என்று கணக்குப் பார்த்து முடிவெடுங்கள். கொம்பனி மாறும்போது பழைய இடத்தில் போனஸுக்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஆறாவது, பாவனை. வண்டி சொந்தத் தேவைக்கா, கூலிக்கா என்று பொலிசியில் எழுதியிருக்கும். 'சொந்தத் தேவை' என்று எழுதிவிட்டு வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து ஆள் ஏற்றி ஓடினால், விபத்து நடக்கும் நாளில் கொம்பனி கையை விரித்துவிடும். சாரதி அனுமதிப்பத்திரமும் அப்படித்தான். அந்த வகை வண்டிக்கு அனுமதி இல்லாத கூட்டாளியிடம், "ஒரு ரவுண்ட் போய்ட்டு வா மச்சான்" என்று கொடுத்தாலும், குடித்துவிட்டு ஓட்டினாலும், கட்டிய காசெல்லாம் வீண்.

ஏழாவது, மேலதிகமாகச் சேர்க்க வேண்டிய பாதுகாப்புகள். இதைக் கொழும்பில் நின்று பேசும்போது 1983 ஜூலையை மறக்க முடியாது. வெள்ளவத்தையிலும் நகரின் வேறு பல இடங்களிலும் தமிழரின் கடைகள், வீடுகள், வாகனங்கள் எரிக்கப்பட்டன. கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றால் வரும் சேதம் சாதாரணக் காப்புறுதிக்குள் தானாக வராது. அதைத் தனியாகக் கேட்டு, கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டும். இன்று அந்தப் பாதுகாப்புக்கான நிதியை அரசின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நிர்வகிக்கிறது. வெள்ளமும் மண்சரிவும் கூட அப்படித்தான். 2016 மே மாதம் களனி ஆறு பெருகியபோது கரையோரப் பகுதிகள் நீரில் மூழ்கின. தீபாவளிக்கு வண்டியோடு மலைநாட்டுக்குப் போகிற பிள்ளைகள் மண்சரிவையும் நினைக்க வேண்டும். "இதெல்லாம் இதுக்குள்ள இருக்கா?" என்று கேட்டு, இருக்கும் இடத்தைக் கடதாசியில் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொரு முக்கியமான விடயம். பாவித்த வண்டியை 'ஓபன் பேப்பரில்' வாங்கி, பெயர் மாற்றாமல் ஓட்டுகிறவர்கள் பலர். முந்திய உரிமையாளரின் காப்புறுதி வண்டியோடு சேர்ந்து தானாக நமக்கு வந்துவிடாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயரை மாற்றி, காப்புறுதியையும் நமது பெயரில் எடுத்த பின்னரே சாவியைத் திருப்ப வேண்டும்.

சரி, விபத்து நடந்துவிட்டது. என்ன செய்வது? காயப்பட்டவர்தான் முதலில். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பொலிஸுக்கு 119. அடுத்ததாகக் காப்புறுதி அட்டையில் உள்ள இலக்கத்துக்கு அந்த இடத்திலிருந்தே அறிவியுங்கள். படம் எடுத்து வையுங்கள். கூட்டத்துக்குப் பயந்து, "என் பிழைதான்" என்று எழுதிக் கையெழுத்து வைக்கவும் வேண்டாம், கொம்பனிக்குத் தெரியாமல் காசு கொடுத்துச் சமாதானம் பேசவும் வேண்டாம். பிறகு கிளெய்ம் கேட்கும்போது அதுவே தடையாகும்.

கொம்பனி மறுத்தால் அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்குப் போகாதீர்கள். மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் அந்தக் கொம்பனிக்கே எழுத்தில் முறையிடுங்கள். அங்கே தீராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. கொம்பனிகளை மேற்பார்வை செய்ய இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இருக்கிறது.

அன்பான பெற்றோரே, நமது முன்னோர் விளங்காத கடதாசிகளில் பெருவிரலை வைத்துப் பட்ட பாடு போதும். பிள்ளை கடதாசியை நீட்டினால், "எனக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்காதீர்கள். அந்த வண்டியில் போட்டிருப்பது உங்கள் காசு. தமிழில் தரும்படி கேளுங்கள். தமிழில் இல்லை என்றால், வாசித்து விளங்கப்படுத்தும் வரை கையெழுத்து வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏஜென்ட் காத்திருப்பார். அவருக்கும் நமது கையெழுத்து தேவைதானே?