இயந்திரமும் எஞ்சிய நேரமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



‘அறிவியல் யுகமும் மனித வாழ்வும்’ என்னும் பொருளில் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். பொருள் மிகப் பெரிது. முப்பது ஆண்டுக் காலம் தொழிற்பயிற்சி மாணவர்களுக்குப் பொருத்துநர் தொழிலைக் கற்பித்தவன் நான். கடைசல் இயந்திரத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் மூன்று மணி நேரம் பேசுவேன். யுகத்தைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு இல்லை. ஆகவே ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஓர் இயந்திரம் வந்தால் எவருடைய உழைப்புக் குறைகிறது? அதனால் மிச்சமாகும் நேரம் எவர் கைக்குப் போய்ச் சேருகிறது? நம்மைப் போன்ற சமுதாயத்தார் இயந்திரத்தை அளக்க வேண்டிய அளவுகோல் இதுவே என்பது என் கருத்து.

இயந்திரம் சாதியறியாது; இரயிலும் ஆலையும் வந்துவிட்டால் தீண்டாமை தானே மறைந்துவிடும் என்று நூறாண்டுகளுக்கு முன்னர்ப் பலர் நம்பினர். அந்த நம்பிக்கையில் ஓரளவு உண்மையும் இருந்தது. ஆனால் பம்பாய் நூற்பாலைகளில் நடந்தது என்ன? அங்கே நூற்புப் பகுதியில் தாழ்த்தப்பட்ட மக்கள் வேலை செய்தனர். கூலி அதிகமுள்ள நெசவுப் பகுதியில் மட்டும் அவர்களுக்கு இடமில்லை. அதற்குக் காரணம் தறியின் நாடா. நாடாவிலுள்ள தாரில் நூல் தீர்ந்ததும் நெசவாளி வேறு தார் போட வேண்டும். போட்ட பிறகு நூலின் நுனியை நாடாவின் சிறு துளை வழியாக வெளியே இழுக்க வேண்டும். அதற்கு விரைவான வழி, துளையில் வாயை வைத்து உறிஞ்சுவது. ஒருவர் வாய் வைத்த நாடா மற்றொருவர் கைக்கும் வாய்க்கும் போகும். தீண்டத்தகாதவன் எச்சில் பட்ட நாடாவை நாங்கள் தொடமாட்டோம் என்று உடன் உழைக்கும் தொழிலாளர்களே மறுத்தனர். 1928ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்தின்போது, நெசவுப் பகுதியில் நுழையும் உரிமையையும் கோரிக்கைகளுள் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் அம்பேத்கர் வற்புறுத்தியது இந்தக் கொடுமையைக் கண்டுதான்.

தொழில் தெரிந்தவன் என்ற முறையில் இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நாடாவை வாயால் உறிஞ்சுவது எந்தச் சாதி நெசவாளிக்கும் கேடு. பஞ்சுத் தூசியும் நூலில் ஏறிய சாயமும் வாய்க்குள் போகும். வாய் வைக்காமலே நூல் கோக்கக்கூடிய நாடாக்கள் வேறு நாடுகளில் அப்போதே இருந்தன. நாடாவை மாற்றுவதைக் காட்டிலும் ஆளை விலக்குவது இங்கே எளிதாக இருந்தது.

இவ்வளவையும் நேரில் கண்ட அம்பேத்கர் இயந்திரத்தை வெறுத்தாரா? இல்லை. காந்தியடிகள் 1909இல் எழுதிய ‘இந்திய சுயராச்சியம்’ என்னும் நூலில் இயந்திர நாகரிகத்தைக் கடுமையாகக் கண்டித்திருந்தார். காங்கிரசும் காந்தியாரும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன என்பதைப் பற்றி 1945இல் வெளியிட்ட தம் நூலில் அம்பேத்கர் அதற்கு விடை கூறினார். ஓய்வு இல்லாமல் பண்பாடு வளராது. சிலருக்கு மட்டும் ஓய்வு போதும் என்று எண்ணும் சமுதாயத்திற்கு இயந்திரம் தேவையில்லை, ஏனெனில் அங்கே பலருடைய முதுகு இயந்திரமாக இருக்கிறது. எல்லோருக்கும் ஓய்வு வேண்டும் என்று விரும்பும் சனநாயகச் சமுதாயம் இயந்திரத்தை விட்டுவிட முடியாது. அவருடைய வாதத்தின் சாரத்தை இவ்வாறு என் சொற்களில் தருகிறேன். இயந்திரத்தால் விளையும் தீமைகளுக்குக் காரணம் அதன் பயனைச் சிலர் மட்டும் எடுத்துக்கொள்ளும் சமூக அமைப்பே ஆதலால், அந்த அமைப்பை மாற்ற வேண்டும் என்பது அவர் முடிபு.

அவர் எழுதியதோடு நிற்கவில்லை. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைக் கவனித்தார். 1922ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலைத் தொழிலாளிக்கு வாரத்தில் 60 மணி நேரம் வேலை. 1934இல் அது 54 ஆயிற்று. 1946ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 48 ஆகக் குறைந்தது. இக்கணக்கை நம் பிள்ளைகள் வாய்ப்பாடு போல அறிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டிலேயே 2023 ஏப்ரலில், நாள் ஒன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க இடமளிக்கும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பு எழுந்த பின்னர், அவ்வாண்டு மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. எட்டு மணி நேரம் என்பது பாறையில் செதுக்கிய எழுத்து அன்று.

எஞ்சிய நேரத்தை நம்மவர் என்ன செய்தனர் என்பதற்குக் கோலார் தங்கவயல் சாட்சி. அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும் பகுதியினர் வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து சென்ற ஆதிதிராவிட மக்கள். சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து 1902இல் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. பெங்களூர் நகரத் தெருக்களுக்கு அது 1905இல்தான் வந்தது. தங்கம் எடுக்க வேண்டுமானால் மின்சாரம் அவ்வளவு விரைவாக ஓடிவரும்! தொழிலாளர்களோ மூங்கில் தட்டிக் குடிசைகளில் வாழ்ந்தனர்; பாறைத் தூசி பலருடைய நுரையீரலை அரித்தது. அதனை மறைத்துப் பேசலாகாது. ஆயினும் பண்ணையாள் வாழ்வில் இல்லாத ஒன்று அங்கே இருந்தது. சங்கு ஊதினால் வேலை தொடங்கும். மறுபடி சங்கு ஊதினால் முடியும். முடிந்த பிறகு, ‘டேய், வாடா’ என்று ஆண்டையின் குரல் வீட்டு வாசலுக்கு வராது. அந்த நேரத்தில் அம்மக்கள் படித்தனர். பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் சென்னை இராயப்பேட்டையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று தொடங்கி, பின்னர்த் ‘தமிழன்’ என்று நடத்திய இதழுக்குத் தங்கவயல் ஆதரவு தந்தது. மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை இயங்கியது. பண்டிதர் 1914இல் மறைந்த பிற்பாடு, அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழைத் தங்கவயலிலிருந்தே நடத்தினார். பூமிக்கடியில் பகலைக் கழித்தவர்கள் மாலையில் பத்திரிகை நடத்தினார்கள் என்பதை இங்குள்ள இளைஞர்கள் ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, இயந்திரம் வராத இடத்திற்கு வருகிறேன். நெஞ்சு கொதிக்காமல் இதைப் பேச என்னால் இயலாது.

வயலில் அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. நம் தாய்மார்களின் அறுப்புக் கூலி போயிற்று. அதற்கு எவரும் கூட்டம் கூட்டி ஆலோசிக்கவில்லை. ஆனால் பாதாளச் சாக்கடைக்கு இயந்திரம் வர எத்தனை சட்டங்கள் வேண்டியிருந்தன! மலம் அள்ள ஆள் வைப்பதைத் தடை செய்யும் சட்டம் 1993இல் இயற்றப்பட்டது. 2013ஆம் ஆண்டின் புதிய சட்டம் டிசம்பர் 6ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அது அண்ணலின் நினைவு நாள். பாதுகாப்பு இன்றிச் சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் ஆளை இறக்குவதை அதன் 7ஆம் பிரிவு தடுக்கிறது. 33ஆம் பிரிவோ, நவீனக் கருவிகளைப் பயன்படுத்துவது உள்ளாட்சி அமைப்புகளின் கடமை என்று சொல்கிறது. 2014 மார்ச் 27இல் உச்சநீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் மாண்டவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் வழங்கப் பணித்தது. 2023 அக்டோபர் 20இல் அத்தொகை 30 இலட்சம் ஆயிற்று. இழப்பீடு உயர்ந்தது நன்று. பிணத்திற்கு உயர்ந்த மதிப்பு உயிருக்கு எப்போது உயரும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

குழிக்குள் நடப்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன். நம் வீட்டுப் பிள்ளை எவனாவது ஒருநாள் அந்த விளிம்பில் நிற்கக்கூடும். தேங்கிய கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு உண்டாகிறது. அது காற்றைவிடக் கனமானது. ஆகவே அடியில் தங்கும். சிறிதளவு இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு மிகுந்தால் மோப்ப உணர்வே மரத்துவிடும். நாற்றம் குறைந்துவிட்டது என்று எண்ணி இறங்குபவன் சாவுக்குள் இறங்குகிறான். அவனைத் தூக்க இறங்கும் இரண்டாமவன், மூன்றாமவன் கதியும் அதுவே. அண்ணனும் தம்பியும் ஒரே குழியில் போவது இதனால்தான். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது சோதனை ஆகாது. உடன் இருக்கும் மீத்தேன் வாயு தீப்பற்றவும் கூடும். வாயு அளக்கும் கருவியும், காற்றுக் குழாயுடன் கூடிய முகமூடியும், இடுப்பில் கயிறும், மேலே பயிற்சி பெற்ற ஆட்களும் இல்லையேல், எவர் சொன்னாலும் இறங்கலாகாது. ‘விஷவாயு தாக்கி இருவர் பலி’ என்று நாளிதழ் எழுதுகிறது. அந்த வாக்கியத்தில் எழுவாய் வாயு. இறக்கிவிட்டவனுக்கு இலக்கணத்தில்கூட இடமில்லை.

கருவி இல்லாமலா இந்தச் சாவுகள்? உயரழுத்தத்தில் நீரைப் பாய்ச்சி அடைப்பை உடைக்கும் வண்டியும், கசடை உறிஞ்சும் லாரியும் நெடுங்காலமாக உண்டு. கேரள இளம் பொறியாளர்கள் செய்த எந்திரன் ஒன்று 2018இல் திருவனந்தபுரத்தில் பணிக்கு வந்தது. அதற்குப் ‘பாண்டிகூட்’, அதாவது பெருச்சாளி என்று பெயர். குழிக்குள் கேமராவோடு இறங்கி, கைகளை விரித்துக் கசடை அள்ளிக்கொண்டு மேலே வரும். முன்பு குழியில் இறங்கியவர்களுக்கே அதை மேலிருந்து இயக்கப் பயிற்சி அளித்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. வானத்திற்குக் கலம் அனுப்பும் நாட்டுக்கு இது இயலாத பொறியியல் அன்று. மலிவான உயிர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்வரை விலையுயர்ந்த கருவியை வாங்க ஒப்பந்தக்காரருக்குத் தோன்றுவதில்லை.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு: உழைப்பைக் குறைக்காமல், உழைப்பவரை வேவு பார்க்க மட்டும் வரும் கருவி. 2023 சனவரி முதல் நூறு நாள் வேலையில், காலையும் மாலையுமாக இருமுறை கைப்பேசியில் படம் எடுத்து வருகையைப் பதிவது கட்டாயமாக்கப்பட்டது. ஊழலைத் தடுப்பதே நோக்கம் என்றனர். நோக்கத்தை நான் பழிக்கவில்லை. அளவு வைத்துக் கொடுத்த மண்ணை வெயிலுக்கு முன்பே வெட்டி முடித்த பெண்கள், இரண்டாவது படத்திற்காகக் காத்திருக்க நேர்ந்தது. இணைப்புக் கிடைக்காத கிராமத்தில் அன்றைய உழைப்பு ஏட்டிலேயே ஏறாமல் போயிற்று. கடப்பாறை பழைய கடப்பாறையே. மேற்பார்வை மட்டும் புதியது.

நகரத்தில் நம் பிள்ளைகள் முதுகில் பெட்டியைச் சுமந்து உணவு கொண்டு செல்கின்றனர். அவர்களுக்கு மேஸ்திரி இல்லை என்பது உண்மை. மேஸ்திரியின் வேலையைக் கைப்பேசி செய்கிறது: எவருக்கு வேலை, எவ்வளவு கூலி, எத்தனை நட்சத்திரம் என்று அது தீர்மானிக்கிறது. ஒரு வேலைக்கும் அடுத்ததற்கும் இடையே சாலையோரம் நிற்கும் நேரத்திற்குக் கூலி இல்லை. அந்நேரம் முதலாளிக்கும் உரியதன்று, அவனுக்கும் உரியதன்று. எந்நொடியும் மணி அடிக்கும் என்று காத்திருப்பவனால் அரைப் பக்கம்கூடப் படிக்க முடியாது. தங்கவயலின் சங்கு ஊதி ஓய்ந்தது. இந்த மணி ஓய்வதில்லை. இத்தகைய தொழிலாளர்களுக்காக 2023இல் இராசஸ்தான் அரசு தனிச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் நலவாரியம் அமைக்கப்பட்டது. நம் இளைஞர்கள் அதில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

கைப்பேசியே கூடாது என்று இங்கே எவரும் பேசவில்லை. ஊர்த்தெருவில் நடந்த கொடுமையைப் படம் பிடித்துக் காவல் நிலையம் மறுக்க முடியாதபடி செய்ததும் இதே கருவிதான்.

செயற்குழுவுக்கு இரண்டு விண்ணப்பங்களோடு முடிக்கிறேன். தொழிற்பயிற்சி முடித்த நம் பிள்ளைகளுக்கு அழுத்தநீர்ப் பம்பு, உறிஞ்சு வண்டி, வாயு அளக்கும் கருவி ஆகியவற்றில் பயிற்சி தர ஏற்பாடு செய்யுங்கள். அவ்வண்டிகளை வாங்கத் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு மானியம் தரும் ‘நமஸ்தே’ என்னும் மத்திய அரசுத் திட்டத்தில் விண்ணப்பிக்கவும் அவர்களுக்கு வழிகாட்டுங்கள். வண்டி ஒப்பந்தக்காரர் பெயரில் இருந்தால் ஓட்டுநர் கூலிதான் நமக்கு மிஞ்சும். நம்மவர் கூட்டுறவின் பெயரில் இருக்கட்டும்.

மற்றொன்று நம் படிப்பகத்தைப் பற்றியது. அது மாலை ஆறு மணிக்குத் திறந்து ஒன்பது மணிக்கு மூடப்படுகிறது. உணவு கொண்டு செல்லும் பிள்ளைகளுக்கு வேலை மிகுந்த நேரம் அதுவே. அவர்களில் ஒருவரையும் நான் அங்கே கண்டதில்லை. காலை ஐந்தரை மணி முதல் எட்டு மணி வரையும் திறந்து வைக்க வேண்டுகிறேன். சாவியை வைத்துக்கொள்ள ஆள் இல்லையென்றால், ஓய்வுபெற்ற நான் இருக்கிறேன்.