ஆண்கள், பெண்கள், கழுவுகிறவர்கள்

(தொழிற்சங்கப் பெண்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

தோழர்களுக்கும், நாற்காலி காலியாக இருந்தும் தரையிலேயே உட்கார்ந்திருக்கிற எங்க அக்காமார்களுக்கும் வணக்கம். எந்திரிச்சு நாற்காலியில உட்காருங்கக்கா. அப்புறம் பேசறேன்.

காலையிலிருந்து ஒரு விவாதம் நடந்துக்கிட்டிருக்கு. வேலை செய்யற இடத்துல கக்கூஸ் ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனின்னு இருக்கணுமா, இல்ல யார் வேணும்னாலும் போற மாதிரி பொதுவா இருக்கணுமா? ஒரு தோழர் பொதுவா இருக்கறதுதான் சமத்துவம்னு சொன்னாரு. வீட்டுல என்ன ரெண்டு கக்கூஸா கட்டி வச்சிருக்கோம்னு கேட்டாரு. பின்னலாடைக் கம்பெனியிலருந்து வந்த தங்கச்சி எந்திரிச்சு, "அண்ணே, எங்க லைன் சூப்பர்வைசர் இருக்கிற எடத்துக்கு ஒருநாள் வந்து பாத்துட்டு இதைப் பேசுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு உட்கார்ந்திருச்சு. ரெண்டு பேர் பேச்சிலயும் நியாயம் இருக்கு. ஆனா ரெண்டு பேர் பேச்சிலயும் அந்தக் கக்கூஸைக் கழுவுகிறவள் வரவே இல்லை. அது நான்தான். அதனால என் பக்கத்தைச் சொல்லிடறேன்.

வீட்டு விஷயத்தை முதல்ல முடிச்சிடலாம். எங்க காலனியில வீட்டுக்குள்ள கக்கூஸ் வந்ததே ரொம்பப் பிந்தி. எங்கம்மா காலத்துல விடியறதுக்கு முன்னாடி கருவேலங்காட்டுக்குப் போகணும். அந்தம்மா ஊருக்குள்ள எடுப்புக் கக்கூஸ் வேலை பார்த்தவங்க. ஊரான் பீயைத் தகரத்துல அள்ளித் தலையில சுமந்தவளுக்குத் தன் மூத்திரத்தைப் போக ஒரு மறைவு கிடையாது. வீட்டை உதாரணம் காட்டுறவங்க எந்த வீட்டைச் சொல்றாங்கன்னு முதல்ல சொல்லிடணும்.

நான் பதினெட்டு வருஷம் ஒரு பெரிய ஆபீஸ் கட்டிடத்துல கான்ட்ராக்ட்ல கழுவினேன். ஏழு மாடி. மாடிக்கு ரெண்டு கக்கூஸ், ஆண்கள் ஒண்ணு, பெண்கள் ஒண்ணு. அந்தக் கட்டிடத்துல ரெண்டு கதவுக்குள்ளயும் போய் வந்தது எங்களை மாதிரி கழுவுற பொம்பளைங்க மட்டுந்தான். பெண்கள் கக்கூஸ் பக்கம் ஒரு ஆம்பளை எட்டிப் பார்த்தா கூச்சல், விசாரணை, மெமோ எல்லாம் உண்டு. சரிதான், வேணும்தான். ஆனா ஆண்கள் கக்கூஸுக்குள்ள நான் குனிஞ்சு தேய்ச்சிக்கிட்டிருக்கும்போதே ஆபீசர் வருவாரு. பேன்ட் ஜிப்பைத் திறந்துக்கிட்டு சுவத்தைப் பாத்து நிப்பாரு. நான் வாளியைத் தூக்கிக்கிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டு வெளியே ஓடணும். ஒருநாள் வாசல்ல ஒருத்தர் தயங்கி நின்னு, உள்ள ஆள் இருக்கான்னு கேட்டாரு. உள்ள இருந்தவர் சொன்ன பதில் இது: "யாரும் இல்ல சார், கழுவுறவதான் இருக்கா, வாங்க."

யாரும் இல்ல. கழுவுறவதான்.

இந்த நாட்டுல ஆண் பெண் பேதம் அவ்வளவு கறாரான விஷயம்னு சொல்றாங்களே, பெண்ணோட மானம் அவ்வளவு பெருசுன்னு சொல்றாங்களே, அந்தக் கறார்த்தனம் எங்க உடம்புக்கிட்ட வந்ததும் எங்க போகுது? அவருக்கு முன்னால நிக்கிறது ஒரு பெண்ணுன்னு அவர் கண்ணுக்குப் படல. துடைப்பமும் வாளியும் மாதிரி அதுவும் ஒரு சாமான். சாதி எங்ககிட்டருந்து முதல்ல உருவிக்கிட்டது மனுஷிங்கிறதை. அதோட சேர்ந்து பெண்ணுங்கிறதும் போச்சு. பெண்ணியம் பேசற நம்ம தோழிகளும் இதைக் கொஞ்சம் நின்னு யோசிக்கணும்.

சரி, ஏழு மாடியிலயும் கழுவறோமே, எங்களுக்கு அவசரம்னா எங்க போறது? அந்தப் பதினாலு கக்கூஸ்ல ஒண்ணுலயும் போகக் கூடாது. எழுதின உத்தரவு ஒண்ணும் கிடையாது, மேஸ்திரி வாய்ச்சொல்தான். கீழே ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால ஒரு கக்கூஸ். கழுவுற ஆம்பளைங்க, பொம்பளைங்க, வாட்ச்மேன், வண்டிக்காரர் எல்லாருக்கும் அது ஒண்ணுதான். தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனா இன்னொருத்தி கதவைப் பிடிச்சுக்கிட்டு வெளியே நிக்கணும். அந்தக் கதவுல ஆண்கள்னும் எழுதல, பெண்கள்னும் எழுதல. தோழர் சொல்ற சமத்துவம் எங்களுக்கு அங்க எப்பவோ வந்துடுச்சு.

இது நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமான அக்கிரமம் இல்ல. அமெரிக்காவோட தென்மாநிலங்கள்ல 1964ல் சிவில் உரிமைகள் சட்டம் வர்ற வரைக்கும் கறுப்பர்களைச் சட்டம் போட்டே ஒதுக்கி வச்சிருந்தாங்க. ரயில் நிலையம், பெட்ரோல் பங்க் மாதிரி பல இடங்கள்ல மூணு கதவு இருந்தது. வெள்ளை ஆண்களுக்கு ஒண்ணு, வெள்ளைப் பெண்களுக்கு ஒண்ணு, கறுப்பர்களுக்கு ஆண் பெண் எல்லாருக்கும் சேர்த்து ஒண்ணு. வெள்ளைக்காரிக்குக் கூச்சம் உண்டு, கறுப்பச்சிக்குக் கூச்சம் எதுக்குன்னு நினைச்சான். நம்ம ஜெனரேட்டர் ரூம் கக்கூஸுக்கும் அந்த மூணாவது கதவுக்கும் நடுவுல கடல்தான் இருக்கு, வேற வித்தியாசம் இல்ல.

அதே அமெரிக்காவுல, மசாசூசெட்ஸ் மாநிலத்துல, வேலை செய்யற இடங்கள்ல பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேணும்னு 1887லயே சட்டம் போட்டாங்க. பெண் தொழிலாளிகள் பட்ட கஷ்டம் அதுக்கு ஒரு காரணம். பெண்ணு நொய்ஞ்ச ஜீவன், அவளைப் பொத்தி ஒதுக்கி வைக்கணுங்கிற ஆம்பளைப் புத்தி இன்னொரு காரணம். அதனால தனிங்கிறது சுத்தமான சொல்லுன்னும் நான் சொல்ல வரல.

தனி, பொது, இந்த ரெண்டு சொல்லையும் நம்ம ஆளுங்க அளவுக்கு அனுபவிச்சவங்க யாரு? டீக்கடையில தனிக் குவளை. சுடுகாடு தனி, கோயில்ல நிக்கிற எடம் தனி. பொதுன்னா? பொதுக்கிணறும்பான், நாம வாளியைப் போட்டா வெட்ட வருவான். 1927ல் மகாட் குளத்துல அண்ணல் அம்பேத்கர் இறங்கித் தண்ணியை அள்ளிக் குடிச்சாரே, அதுவும் காகிதத்துல பொதுக்குளந்தான். எல்லாருக்கும் திறந்து விட்டாச்சுன்னு நகராட்சி அதுக்கு முன்னாடியே தீர்மானம் போட்டிருந்தது. அதனால பொதுன்னு யாராவது போர்டு மாட்டினா, அந்தப் பொதுவுல யாரு உண்டு, யாரு இல்லைன்னுதான் முதல்ல கேக்கணும். தனின்னு மாட்டினா, யாரு கேட்டு தனி, யாரு ஒதுக்கித் தனின்னு கேக்கணும்.

சட்டத்துக்கு வர்றேன். 1948ல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. அப்ப தொழிலாளர் அமைச்சர் ஜெகஜீவன் ராம், நம்ம ஆள். அந்தச் சட்டத்தோட 19வது பிரிவு, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியா, மறைப்போட கழிப்பறை வேணும்னு சொன்னது. விதிகள்ல கணக்கும் உண்டு. பெண்கள் 25 பேருக்கு ஒண்ணு. ஆண்கள் முதல் 100 பேர் வரைக்கும் 25 பேருக்கு ஒண்ணு, அதுக்கு மேல 50 பேருக்கு ஒண்ணு. ஆண்களுக்கு மூத்திரத் தொட்டி வேற தனியா. புடவையைச் சுருட்டிக்கிட்டு உட்கார்ந்து எந்திரிக்க ஒரு பெண்ணுக்கு எவ்வளவு நேரம் ஆகும், மாசத்துல அந்த நாலு நாள் எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டவனுக்கு யாரும் சொல்லல போல.

அதே 19வது பிரிவுல நாமும் வர்றோம். கழிப்பறைகளைச் சுத்தமா வைக்கிறதையே முக்கிய வேலையாகக் கொண்ட துப்புரவாளர்களை வேலைக்கு வைக்கணும்னு எழுதியிருந்தது. கக்கூஸைப் பத்தின பிரிவுல நாம போறவங்களா வரல, கழுவறவங்களா வந்தோம். தொழிலாளிங்கிற சொல்லுக்குள்ள நாமும் உண்டுன்னு வாதாட அந்தச் சட்டத்துலயே இடம் இருந்தது. ஆனா 25 பேருக்கு ஒண்ணுன்னு தலையை எண்ணும்போது கான்ட்ராக்ட் தலையை எவன் எண்ணினான்?

கடைகள்ல வேலை செய்யற பெண்கள் கதை இன்னொரு மாதிரி. கோழிக்கோட்டுல மிட்டாய்த் தெருன்னு பெரிய கடைத்தெரு. அங்க விற்பனை வேலை செஞ்ச பெண்களுக்குக் கழிப்பறையே கிடையாது. காலையிலருந்து ராத்திரி வரைக்கும் நின்னுக்கிட்டே வேலை, தண்ணி குடிச்சா போகணுமேன்னு தண்ணியே குடிக்காம இருந்தாங்க. தண்ணியைக் குடிக்காம, வர்றதையும் அடக்கினா நீர்க்கடுப்பு, கிருமித் தொற்று எல்லாம் வரும். 2010ஐ ஒட்டி, விஜிங்கிற தையல் தொழிலாளி முன்னால நின்னு, பெண்கூட்டுங்கிற அமைப்பு அதுக்காகப் போராடுச்சு. அந்தப் போராட்டம் வளர்ந்துதான் உட்காரும் உரிமையைக் கேட்டுச்சு. 2018ல் கேரளத்துல சட்டம் திருத்தினாங்க, 2021ல் தமிழ்நாட்டுலயும் திருத்தினாங்க. தனியா பொதுவாங்கிற கேள்விக்கே வர முடியாத நிலையில இன்னும் எத்தனையோ கடைகள் இருக்கு. நாலு பேர் வேலை செய்யற கடையில முதலாளிகிட்டப் போய் ரெண்டு கட்டுன்னு சொன்னா, ரெண்டும் கட்ட மாட்டான், பெண்ணை வேலைக்கு வைக்கவும் மாட்டான். அங்க ஒண்ணு போதும். நாலு பக்கமும் கூரை வரைக்கும் சுவர், உள்பக்கம் தாழ்ப்பாள், குழாயில தண்ணி. ஒரு நேரத்துக்கு ஒருத்தர். அதுல யார் போனாலும் யாருக்கு என்ன?

ஆனா அந்தத் தங்கச்சி சொன்ன கம்பெனி மாதிரி நூத்துக்கணக்குல ஆள் இருக்கிற இடத்துல, வரிசையா தட்டி வச்சு, கீழே ஒரு சாண் மேலே ஒரு முழம் இடைவெளி விட்டு, இதை ஆணும் பெண்ணும் பொதுவா வச்சுக்குங்கன்னா நான் ஒத்துக்கமாட்டேன். ரெண்டு கட்டற செலவை ஒண்ணாக்க முதலாளி அதுக்குச் சமத்துவம்னு பேர் வைப்பான். செல்போன் கையில இருக்கிற காலம் இது. பெண்களுக்குன்னு இருக்கற எண்ணிக்கையில ஒண்ணுகூடக் குறையக் கூடாது. தனி அறைகளைக் கட்டு, அதுக்கு மேல, கூடுதலா.

அந்த அறைகள் எதுக்குன்னா, எங்க சங்கத்துல ஒரு திருநங்கைத் தோழி இருக்காங்க. எங்களோட கழுவின ஆள்தான். ஆண்கள் பக்கம் போனா கையைப் பிடிச்சு இழுக்கிறான், பெண்கள் பக்கம் போனா கத்துறாங்க. அவங்க பகல் முழுக்க அடக்கிக்கிட்டே இருப்பாங்க. 2014ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏத்துக்கிட்டுத் தீர்ப்புச் சொன்னப்ப, பொது இடங்கள்ல அவங்களுக்குத் தனிக் கழிப்பறை வேணும்னு சொன்னது. 2020ல் வந்த திருநர் விதிகள் எல்லாருக்குமான கழிப்பறையைப் பத்திப் பேசுது. அதே 2020ல் நிறைவேத்தி 2025 நவம்பர்ல நடைமுறைக்குக் கொண்டு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு ஆண், பெண், திருநர் மூவருக்கும் தனித்தனியாங்குது. எது சரின்னு அந்தத் தோழியையே கேட்டேன். "எனக்குன்னு ஒண்ணு கட்டி மேல என் பேரை எழுதி வச்சா, நான் ஒண்ணுக்குப் போறதை ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி ஆகாதா அக்கா? பேரே எழுதாத கதவு ஒண்ணு போதும்"னாங்க. தனிக் குவளையில டீ குடிச்ச வாய் நமக்கு. இது நமக்குப் புரியணும்.

பெரிய ஆபீசுக்கும் இதேதான் என் பதில். பெண்கள் பக்கம் இருக்கட்டும். பேர் எழுதாத அறைகளும் ஒவ்வொரு மாடியிலயும் இருக்கட்டும். அதுல தீட்டுத்துணி போட மூடி வச்ச தொட்டி இருக்கணும், திருநம்பிகளும் போவாங்க. அந்தத் தொட்டியை வெறுங்கையால அள்ள வைக்கக் கூடாது. இன்னிக்கு அள்ளுறது எங்க கை. ஆம்பளைங்க பொது அறைக்குப் போனா உட்காருற பலகையைத் தூக்கி வச்சுட்டுப் போகணும்னும் எழுதி மாட்டுங்க. சிரிக்காதீங்க, அதையும் நாங்கதான் தொடைக்கிறோம்.

கூடுதலா கட்டுங்கன்னு கேக்கிறோமே, அதுக்குக் கீழே குழி இருக்கு. அது எங்க இருக்கு, நிறைஞ்சா யார் இறங்குவா, மெஷினா மனுஷனான்னு அந்த மனுவுலயே கேக்கணும். மனுஷனை இறக்கக் கூடாதுன்னு 2013லயே சட்டம் இருக்கு. செத்தா பத்து லட்சம்னு 2014ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023ல் அதை முப்பது லட்சமாக்கியது. தொகைதான் ஏறியிருக்கு.

கடைசியா எங்க கோரிக்கை. கழுவுகிறவர்கள் தாங்கள் கழுவுகிற எந்தக் கக்கூஸிலும் போகலாம்னு எழுத்துல உத்தரவு வேணும், வாய்ச்சொல் வேண்டாம். கழுவும் நேரத்துல வாசல்ல குறுக்குப் பலகை, உள்ளே யாரும் வரக் கூடாது, வந்தா பெண்கள் கக்கூஸ்ல நுழைஞ்சவனுக்கு என்ன நடவடிக்கையோ அதே நடவடிக்கை. ஆண்கள் பக்கத்தைக் கழுவ ஆண்களை வை. ஆண்கள்னா எங்க அண்ணன் தம்பிங்க மட்டும் இல்ல, எந்தச் சாதியானாலும் வரட்டும், நல்ல சம்பளத்தைக் கொடுத்து வை. ஜெனரேட்டர் ரூம் கக்கூஸுக்கு நாளைக்கே தாழ்ப்பாள். கான்ட்ராக்ட்காரனைக் கேளுன்னு மேனேஜர் கையை விரிச்சா, கான்ட்ராக்ட் ஆளுக்கும் இந்த வசதியைச் செஞ்சு கொடுக்க வேண்டியது முதன்மை முதலாளிதான், சட்டம் அப்படித்தான் சொல்லுதுன்னு சொல்லுங்க.

திங்கட்கிழமை தொழிலாளர் அலுவலகத்துக்குப் போறோம். அதுக்குள்ள ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வேலை பார்க்கிற இடத்துல எத்தனை கக்கூஸ் இருக்கு, எதுல தாழ்ப்பாள் இருக்கு, எதுல தண்ணி வருது, எது பூட்டியிருக்கு, சாவி யார் இடுப்புல இருக்குன்னு எண்ணி எழுதிக்கிட்டு வாங்க. எழுதத் தெரியாத அக்காமார் சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்.